அரை டப்பா ஐஸ்

சனிக்கிழமை கண்டீரவாவில் எபனேசருக்குச் சண்டை.
வியாழன் ராத்திரியே நீலசந்திராவில்
அது நடந்துகொண்டிருந்தது,
என் மீன்கடைக்கு முன்னால்
டியூப்லைட் விழுகிற நாலடி இடத்தில்.

"மூணாவது ரவுண்டு.
அதுக்கு மேல நிக்கமாட்டான் அந்த ரோத்தக்காரன்"
என்றார் ஆட்டோ முனிரத்னம்.
கவிழ்த்த கிரேட்டில் உட்கார்ந்திருந்த நயாஸ்
பக்கத்துக் கறிக்கடை,
எதையும் மூட்டு மூட்டாகத்தான் பார்ப்பான்:
"அவன் கை நீளம் பாத்தீங்களா குரு?
நம்மாளு கிட்ட போறதுக்குள்ள மூஞ்சி வீங்கிடும்."
லூர்து டெலிவரிப் பையை முதுகைவிட்டு இறக்காமல்,
யாருடைய பிரியாணியோ உள்ளே ஆறிக்கொண்டிருக்க,
போனில் பழைய சண்டையை
நிறுத்தி நிறுத்திக் காட்டினான்.
"இங்க பாரு. இங்க.
வலது கை கிளம்பறதே தெரியாது."

வலது கை.
எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி
அங்கேதான் வந்து நின்றது.
போன வருஷம் ஹுப்ளிக்காரனைப்
பதினோரு நொடியில் படுக்கவைத்த கை.
முனிரத்னம் ஒன்பது என்பார்.
தீபாவளிக்குள் ஏழாகிவிடும்.

நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன்.
"நீ சொல்லுக்கா, எபி ஜெயிப்பானா?"
"அவன் என்கிட்ட மீனே வாங்கறதில்ல,
எனக்கென்ன தெரியும்?"
சிரித்தார்கள்.

பொய்யில்லை. அவன் வாங்குவது ஐஸ்.
இருபது நாளாக,
ஷட்டரைப் பாதி இறக்கினதும்
குனிந்து உள்ளே வருவான், கையில் பெயிண்ட் டப்பா.
"அரை டப்பா போதும்க்கா."
முதல் நாள் "பார்ட்டியா?" என்றேன். தலையாட்டினான்.
மறுநாள் நான் கேட்கவில்லை.
காசை இடது கையால் நீட்டினான்.
வாங்க யோசித்தேன்.
"தப்பா நெனைக்காதீங்க" என்றான்.
அப்போதும் மற்றக் கை
பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை.

வஞ்சிரம் உள்ளே கெட்டிருப்பதைத்
தொடாமலே சொல்கிறவள் நான்.

"ஆளுக்கு ஐநூறு" என்று
நோட்டில் பேர் எழுத ஆரம்பித்தான் லூர்து.
எல்லாரும் எபி பக்கம்.
நயாஸும்தான்; இவ்வளவு பேசிவிட்டு
"சண்டை வேற, ஏரியா வேற" என்று
பணத்தை எடுத்தான்.
எதிர்ப்பக்கம் போட ஆளே இல்லாமல் என்ன பந்தயம்
என்று யாருக்கும் தோன்றவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.
மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்து
கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
சனிக்கிழமை லாரிக்குத் தர வைத்திருந்த காசு.

மணி பதினொன்று. யாரும் கலைவதாயில்லை.
எதிர்ச்சாரியில் ஒரு பைக் விளக்கை அணைத்து நின்றது.
கொஞ்சநேரம் நின்றது.
ஹேண்டிலில் தொங்கின டப்பா தெரிந்தது எனக்கு.
இன்னும் நாலு நிமிஷம் பொறுத்திருந்தால்
ஏதாவது சொல்லி இவர்களை விரட்டியிருப்பேன்,
அதற்குள் கிளம்பிவிட்டது.

அவனுக்கென்று ஓரமாய்க் குவித்துவைத்த ஐஸ்
கசியத் தொடங்கி
பலகைக்கு அடியில் வழி பிடித்து
வெளியே போனது.
நயாஸ் பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்கிக்கொண்டான்.
ஐந்தாவது ரவுண்டில் இருந்தான்.
முனிரத்னம் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு,
"இதோ, இப்ப," என்று
காற்றில் வலது கையை வீசிக் காட்டினார்.