மூணாறு தலைப்பு

நீடாமங்கலம் கொள்முதல் நிலையம்.
ஈரமானி என் கையில்.
பதினேழைத் தாண்டினால் எடுக்காதே என்று உத்தரவு.
இன்று எந்த மூட்டையில் குத்தினாலும் இருபத்திரண்டு.

லாரி வரவில்லை, தார்ப்பாய் போதவில்லை,
வங்கித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.
அட்டை போன அகராதியை
சன்னரக மூட்டை மேல் விரித்து வைத்திருக்கிறேன்.
டி, இ, எல்.
இந்த மூன்றில் தொடங்கும் சொற்களுக்கு
இரண்டேகால் பக்கம்.

டிலே: தாமதம்.
அதைப் படிக்க வேண்டியதில்லை.
டெலிகேட் என்று இரண்டு இருக்கிறது,
தமிழில் எழுதினால் ஒரே முகம்.
ஒன்று, தொட்டால் நொறுங்குவது.
மற்றது, தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது.
எங்கள் சூப்பர்வைசருக்கு இரண்டாவது நன்றாக வரும்.

டெல்டா: ஆறு கொண்டுவந்த வண்டலில் விளைந்த முக்கோணம்.
அடுத்த சொல் டிலூட், ஏமாற்று.
அதற்கும் அடுத்தது டெல்யூஜ், பெருவெள்ளம்.
யாரும் யோசித்து வைக்கவில்லை,
அகரவரிசை வைத்தது.
டிலக்ஸ் என்பதற்கு நேரே
நம்மூரில் நிற்காத பஸ்
என்று நானே பென்சிலில் எழுதிக்கொண்டேன்.

பூவனூர் பக்கிரிசாமி
மூன்று நாளாய்த் தன் நெல்லுக்குக் காவல் படுத்திருப்பவர்.
செல்போனை நீட்டினார்.
"டிராக்டர் கடன்காரன் இங்கிலீஷ்ல என்னமோ அனுப்பிருக்கான்,
பாரும்மா."

நீளமான சொல். டெலிங்க்வென்ட்.
நான் திறந்து வைத்திருந்த பக்கத்திலேயே இருந்தது.
முதல் பொருள்: இளம் குற்றவாளி.
இரண்டாவது பொருளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
முதலாவதை மட்டும் படித்தேன்.

அவர் சிரித்ததில்
சிதறிய நெல் பொறுக்கிய மைனாக்கள் கிளம்பிவிட்டன.
"அறுபத்துமூணு வயசுல என்னை இளம்னு சொன்னவன்
அவன் ஒருத்தன்தான்."

பிறகு போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டே,
"விரலை எடும்மா.
அடியில இருக்கறது தெரிஞ்சதுதான்.
நீ சொன்னா கொஞ்சம் கம்மியா வலிக்குமேன்னு பார்த்தேன்."

நான் விரலை எடுத்தேன். அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் தலைப்பு வழியாக சைக்கிள்.
மதகு வரைக்கும் ஒரே வெண்ணாறு,
மதகு தாண்டினால் கோரையாறு, பாமணியாறு,
பழைய பெயரோடேயே மிச்ச வெண்ணாறு.
எந்தத் தண்ணீர் எதற்குள் போகுமென்று
ஷட்டர் திருகுகிறவருக்கே தெரியாது.

விடிந்து வந்து பக்கத்தைத் திருப்பினேன்.
டெலிவர்.
ஒன்று, கொண்டுபோய்ச் சேர்.
இரண்டு, விடுவி.
லாரியும் இல்லை, உத்தரவும் மாறவில்லை.
மூன்று, பிள்ளை பெறு.

பக்கிரிசாமி அடிவரிசை மூட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.
சணல் தையலுக்கு வெளியே
வெள்ளை வெள்ளையாய்
முளை.