ஐந்நூறு கூட்டிய நாள்

எழுபத்தொன்று, நான் பிறந்த ஆண்டு.
அறுநூற்று அறுபத்தொன்று, நான் பிறந்த நாள்.
எந்த ஆண்டிலும் அத்தனை நாள் இல்லையே என்பீர்கள்.
பெண் என்றால் ஐந்நூறு கூட்டிவிடுவார்கள்.
கழித்தால் நூற்று அறுபத்தொன்று, யூன் ஒன்பது.
அதிலும் ஒரு நாள் கூட:
அடையாள அட்டைக்கு எல்லா ஆண்டிலும்
பெப்ரவரி இருபத்தொன்பது நாள்.
வராத அந்த நாளையும் சேர்த்துத்தான்
என்னை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

716614503.
கடைசியில் ஒரு வீ.

பம்பலப்பிட்டிப் பொலிசில்
வாங்கின் நுனியில் இருந்தேன்.
"செக் பண்ண வேணும், இருங்க" என்றவர்
தேத்தண்ணி குடிக்கப் போனார், திரும்பவில்லை.
அட்டை அவர் மேசையில். எண் எனக்கு மனப்பாடம்.
நூறாம் நம்பர் பஸ் டிக்கெட்டின் பின்புறம்,
டைல் கடையில் பில் எழுதும் பேனா.

இலக்கங்களைக் கூட்டினேன்: முப்பத்து மூன்று.
அப்படியானால் மூன்று பிரிக்கும்.
ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தேன்: பதினொன்று.
அப்படியானால் பதினொன்றும்.
தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையாலேயே
மீதியில்லாமல் பிரிகிற எண்!
எத்தனை சோதனைச் சாவடியில் நீட்டியிருப்பேன்,
ஒருவராவது கூட்டிப் பார்த்திருப்பாரா?

மிஞ்சியது 21715591.
அது இலேசில் வழிக்கு வரவில்லை.
ஏழு, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது
ஒவ்வொன்றும் தட்டிப் பார்த்துத் திரும்பின.
உள்ளே யாரோ இருமினார்.
காலி வீதி ஓய்ந்து கடல் கேட்டது.

வகுத்தல் அலுத்து வர்க்கங்களுக்குப் போனேன்.
நாலாயிரத்து அறுநூற்று அறுபதின் வர்க்கம்
21715600.
ஒன்பதுதான் கூட.
ஒன்பது, மூன்றின் வர்க்கம்.
இருந்தபடியே சிரித்துவிட்டேன்.
காவலுக்கு நின்ற பொடியன்
திடுக்கிட்டுத் துவக்கை நிமிர்த்தினான்.

மூன்று குறைய 4657. மூன்று கூட 4663.
இரண்டும் முதன்மை எண்கள்
(டிக்கெட்டில் இடம் முடிந்து
உள்ளங்கையில் எழுதி உறுதிசெய்தேன்).
நடுவில் வேறு முதன்மை எண் கிடையாது,
அடுத்தடுத்த வீடு.
இதொன்றும் தெரியாமல்
ஏதோ ஒரு கந்தோரில் யாரோ ஒரு கிளார்க்
என்னை எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

விடிய, கீழ்வீட்டு வீரக்கொடி மிஸ்
கரண்ட் பில்லோடு வந்து நின்றார்.
முகவரி சரி என்றார்கள். போகலாம் என்றார்கள்.
என்ன சந்தேகம் என்று நான் கேட்கவில்லை.
உள்ளங்கையை மூடியபடி நடந்தேன்.

இப்போது புது அட்டை. பன்னிரண்டு இலக்கம்.
முன்னால் பத்தொன்பது, இடையில் ஒரு பூச்சியம்.
வீ போய்விட்டது.
197166104503.
கூட்டினால் நாற்பத்து மூன்று, மூன்று பிரிக்காது.
பதினொன்றும் கைவிட்டது.
ஏழால் வகுத்தால் மீதி நாலு.
பதின்மூன்றாலும் நாலு. பதினேழாலும் நாலு.
ஐந்நூறு மட்டும்
யாரும் கழிக்காமல் அங்கேயே இருக்கிறது.

வெள்ளவத்தை வங்கியில் எனக்கு முன்னால்
இன்னும் இருபத்திரண்டு பேர்.
பத்தொன்பதைப் போட்டுப் பார்க்கிறேன்.