இரட்டைக் கொம்பு

தேவகோட்டை சார்பு நீதிமன்றத்தில்
எனக்குக் கணினிதான், விரலுக்குப் பழகியது மட்டும்
பழைய தட்டச்சு முறை.
கொம்பைத் தட்டிய பிறகே எழுத்தைத் தட்டலாம்.
தேனப்பன் என்று அடிக்க
முதலில் ஒரு இரட்டைக் கொம்பு வந்து
வெற்றிடத்தின் வாசலில் நிற்கும்.

மனுதாரர் தேனப்பன், வயது முப்பத்தொன்பது, ஈப்போவில் கணக்கர்.
முதல் எதிர்மனுதாரர் சிகப்பி.
இரண்டாம் எதிர்மனுதாரர் தே. சோலையப்பன்,
மைனர், வயது ஆறு, காப்பாளர் தாய்.
கோரும் பரிகாரம்:
இரண்டாம் எதிர்மனுதாரர் தன் மகனல்ல என
விளம்புகை செய்யவேண்டும்.

இரண்டாம் எதிர்மனுதாரர் அப்போது வராந்தாவில்
கடலைத் தோலை ஒவ்வொன்றாக
அமீனாவின் செருப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

கடவுச்சீட்டைச் சான்றாவணம் மூன்று என்று குறித்தோம்.
ஆவணியில் போனவர் மாசியில்தான் வந்திருக்கிறார்.
பிள்ளை ஆடியில்.
ஆனால் நடுவில், ஐப்பசியில்,
திருச்சி விமான நிலையத்து முத்திரை இரண்டு.
நான்கு இரவு இடைவெளி.
தங்கை கலியாணம்.
"காரைக்குடி லாட்ஜில் தங்கினேன்."
ரசீது ஒரு இரவுக்கு இருந்தது.
மற்ற மூன்று?
தண்ணீர் கேட்டார்.
அதையும் அடித்துவிட்டு அழித்தேன்.

பிறகு அவள் கூண்டேறினாள்.

வளவில் உங்கள் புள்ளிக்கு எந்த அறை?
"கிழக்குப் பத்தியில் மூணாவது."
சாவி?
"என் இடுப்பில."
அந்த நாலு ராத்திரியும் அறை பூட்டியிருந்ததா?
"திறந்திருந்தது."

அவ்வளவுதான்.
யார் வந்தார் என்று அவர் வக்கீலும் கேட்கவில்லை,
இவள் வக்கீலும் கேட்கவில்லை.
கேட்காத கேள்விக்கு
என் விசைப்பலகையில் எழுத்தில்லை.
சேர்ந்தார்களா என்பதல்ல,
சேர வழியே இல்லாமல் இருந்ததா,
அதைத்தான் சட்டம் கேட்கிறது.
கோயில் கணக்கில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே புள்ளி.
புள்ளிக்குள் எட்டிப் பார்க்க
சட்டத்துக்கும் கூச்சம் போல.

"இன்னொன்னு சொல்லணும்" என்றாள்.
அந்த மார்கழிப் பிள்ளையார் நோன்பில்
மாமனார்தான் இழை கொடுத்தாராம்.
எல்லோருக்கும் ஒன்று.
அவளுக்கு இரண்டு:
ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றுக்கு.
எரிகிற திரியோடு மாவை வாயில் போட்டுக்கொண்டாளாம்.
"ரெண்டையும் முழுங்கினேன். நாக்கு சுட்டது."
மாமனார் இப்போது இல்லை.
விழுங்கிய சுடருக்கு
என்ன எண் போடுவதென்று
பெஞ்சு கிளார்க் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.

மரபணுச் சோதனை கேட்ட மனு தள்ளுபடி.
வாய்ப்பிருந்தது, அது போதும்;
வழக்குத் தொடுக்காத குழந்தையின் இரத்தத்தை
எடுக்கச் சொல்ல இந்தக் காரணம் போதாது
என்றார் நீதிபதி, கண்ணாடியைக் கழற்றி.
அசல் மனுவும் தள்ளுபடி. செலவுத்தொகை இல்லை.
எனக்கு மூச்சு லேசானது.
யாருக்காக என்று இன்றுவரை தெரியாது.
அந்த ஐப்பசியில் என்ன நடந்ததென்று
என் பதினேழு பக்கத்தில் எங்கும் இல்லை.

சிகப்பி பையனின் கையைப் பிடித்துக்கொண்டு
ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.
அமீனா செருப்பை உதறிக்கொண்டிருந்தார்.

மறு வாரம் சான்றிட்ட நகலுக்கு
தேனப்பன் வந்தார்.
முதல் பக்கத்தைப் புரட்டாமல் நின்றார்.
சோலையப்பனுக்கு முன்னால் இருந்த 'தே.'யின் மேல்
ஆள்காட்டி விரலை வைத்து மூடினார்.

மிச்சம் இருந்தது
அவர் அப்பாவின் பெயர்.

விரல் அங்கேயே இருந்தது.
எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.
முத்திரை மை இன்னும் காயல, சார்,
கையை எடுங்க என்றேன்.