மூன்று லாடம்

சீட்டுப் பணத்துக்குப் பதிலாக வந்தவள்,
அதனால் பெயரும் சீட்டு.
எழுபதாயிரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாத டென்னிசன்
ஒரு விடியக்காலம் என் வேலிக்கல்லில்
அவளைக் கட்டிவிட்டுப் போனான்.
என்ன தின்னும் என்று கேட்கக் கூப்பிட்டேன்.
போனை எடுக்கவில்லை.

இரண்டு வருடமாகச் சொத்தவிளை மணலில்
ஒரு சுற்று நூறு ரூபாய்.
அலறும் பிள்ளைகளைச் சுமப்பாள்,
கறுப்புக் கண்ணாடி மாட்டிய புதுமாப்பிள்ளைகளைச் சுமப்பாள்,
இருட்டிய பிறகு என்னை.

அந்த ஞாயிறும் அப்படித்தான்.
கூட்டம் கலைந்து, குருசடி வளைவில் திரும்பினோம்.
கோடு போடாத வேகத்தடை.
முன் வலது குளம்பு தட்டியது.

குதிரை இடறும்போது
மேலே இருப்பவளுக்கு
பாதி மூச்சுதான் நேரம்.
அந்தப் பாதி மூச்சில்
கை தானாகச் செய்வது தப்பு.
இழுக்கும்.
கிணற்றுக்குள் நழுவும் வாளியை
எட்டிப் பிடிப்பதுபோல இழுக்கும்.
போன ஆடியில் அப்படி இழுத்ததில்
அவள் தலை வானத்துக்குப் போனது,
முட்டி தரைக்குப் போனது,
நான் கைதைப் புதருக்குள் போனேன்.
அதன் பிறகே புரிந்தது:
குதிரைக்குத் தலைதான் தராசு முள்.
அதை அதன் போக்கில் விட்டால்
கால் தன்னைத் தேடிக்கொள்ளும்.

விட்டேன்.
விரல் திறந்து, வார் வழுக்கி,
இடுப்பைச் சேணத்தில் அழுத்திப் பின்னால் சாய்ந்தேன்.
அவள் கழுத்து நீண்டு
தார் ரோட்டை முகர்ந்தது.
எல்லாம் சரியாகச் செய்தேன்.
விழுந்தாள்.

அங்கவடியிலிருந்து கால் எப்படிக் கழன்றது என்று தெரியாது.
உருண்டு எழுந்தபோது
டீக்கடையிலிருந்து நாலைந்து பேர்.
"பிள்ளே, அடி கிடி பட்டுச்சா?"
மிக்கேலடிமை அண்ணன் அதற்குள் வாலைப் பிடித்துத் தூக்கினார்,
மாட்டைத் தூக்கிப் பழகிய கை.
"விடுங்கண்ணே, இது மாடில்ல,
முன்னாலதான் மொதல்ல எழும்பும்."
ஒரு பையன் கடிவாளத்தைப் பிடித்தான்.
"இழுக்காத லேய்!"
நான் போட்ட சத்தத்தில்
குருசடி மெழுகுவர்த்தி அணைந்திருக்கும்.

தள்ளி நின்றார்கள்.
அவள் கிடந்தாள்.
விலா ஏறியது, இறங்கியது.
ஒரு பைக் வந்து, விளக்கை அணைத்து நின்றது.
பிறகு, யாரையும் கேட்காமல்,
முன்னங்கால் இரண்டையும் நீட்டி ஊன்றி
ஒரு முக்கலில் எழுந்து உதறினாள்.
சேணம் வயிற்றுக்குக் கீழே தொங்கியது.

குனிந்து தடவினேன்.
முட்டியில் தோல் போயிருந்தது, மணல் ஒட்டிய ரத்தம்.
கணுவில் சூடு இல்லை, வீக்கம் இல்லை.
குளம்பைத் தூக்கினேன்.
லாடம் இல்லை.

வியாழக்கிழமையே தெரியும்.
நடையில் ஒரு கிலுக்கு.
மேலப்பாளையம் காஜாமைதீனைக் கூப்பிட்டேன்.
ஒரு காலுக்காக வந்தால்
பஸ் கூலியோடு ஆயிரத்து இருநூறு என்றார்.
மாசக் கடைசியில் நாலுக்கும் சேர்த்து வாங்க என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை வரும்படி கண்ணில் நின்றது.

இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.
"ஒரு வெள்ளக்கோடு போடதுக்கு வக்கில்ல"
என்று பஞ்சாயத்தைத் திட்டினார்கள்.
நானும் சேர்ந்து திட்டினேன்.

கடிவாளம் பிடித்த பையன் ஓடையோரம் தேடி
லாடத்தை எடுத்து வந்தான்,
வளைந்த இரண்டு ஆணியோடு.
"யக்கா, இத எனக்குத் தருவியளா?
மாமா வள்ளத்துல அடிச்சா ராசி."
எடுத்துக்கோ என்றேன்.
ராசியாம்.

சேணத்தை என் தோளில் போட்டு
அவளோடு நடந்தேன், ஒன்றரை கிலோமீட்டர்.
டக், டக், டக்,
பிறகு சத்தமில்லாத ஒரு கால்.
டக், டக், டக்,
பிறகு அது.
தெருநாய்கூடக் குரைக்கவில்லை.

வேலிப்படல் திறக்கையில்தான் பார்த்தேன்,
என் வலது மணிக்கட்டு
வீங்கி வாழைப்பூ மாதிரி இருந்தது.
அவளுக்குத் தண்ணீர் வைத்தேன்.
மணி பத்தரை.
தூங்கியிருப்பார் என்று தெரிந்தும்
காஜாமைதீன் நம்பரைத் தேடினேன்,
இடது கையால்.