அடிக்குறிப்பு ஏழு

குட்டாயிசியில் பிப்ரவரி என்பது
பனியாகத் துணியாத, மழையாகவும் ஒப்பாத ஏதோ ஒன்று.
தையல் ஆலையின் இரண்டாம் ஷிப்ட்
பதினொன்று பத்துக்கு விடும்.
கடைசி வேன் பதினொன்றுக்கே போய்விடும்.
இந்தப் பத்து நிமிடத்தைத்தான்
நாங்கள் நால்வர்
எட்டு வாரம் ஆராய்ந்தோம்.

தோர்னிகேவுக்கு இருபத்து மூன்று, நூத்சாவுக்கு இருபத்தொன்று.
பெசிக் வயதைச் சொல்லமாட்டான், மீசை வளர்க்கிறான்;
நகராட்சியில் யாரும் தன்னைப் 'பையா' என்றுவிடக் கூடாதாம்.
கடிகாரம் என்னிடம் இருந்தது.

வேன் போனபின்
டாக்சிக்கு நாலு பேர் சேரும்வரை நிற்பார்கள்.
சராசரி நாற்பத்தொரு நிமிடம்.
சராசரி என்பது யாருமே நிற்காத நேரம்:
ஒருத்தி ஆறு நிமிடத்தில் ஏறிப் போனாள்,
ஒருத்தி ஒன்றரை மணி நேரம் நின்றாள்,
ஒருத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்,
அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
பாலம்வரை யோசித்துக்கொண்டே பின்னால் போனேன்.

காத்திருப்பு உங்களை எவ்வளவு பாதிக்கிறது?
ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லவும்.
மக்வாலா
(படிவத்தில் பதிலாளர் முப்பத்தெட்டு)
பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்:
"ஐந்து என்றால் அதிகமா, குறைவா?"
அதிகம் என்றேன்.
"அப்படியானால் நாலு போடு.
ஐந்தை மார்ச்சுக்கு வைத்திருக்கிறேன்,
கிழக்கிலிருந்து காற்று இறங்குமே, அதற்கு."
நாலு என்று ஏற்றினேன்.
மார்ச்சுக்கு அங்கே கட்டம் இல்லை.

அறிக்கை அறுபத்திரண்டு பக்கம்.
துணைமேயர் இரண்டுதான் படிப்பார்
என்று அவருடைய உதவியாளர் எழுதினார்.
நூத்சாவின் சமையலறையில் விடியவிடிய வெட்டினோம்.
முதலில் போனது நாய்.
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய தெருநாய்,
நிற்பவர்களின் பாதங்கள்மேல் தினமும் வந்து படுக்கும்,
சூடு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாது.
நாய் கொள்கைக்குள் வராது என்றான் தோர்னிகே.
கொள்கை நாயிடம் வரட்டும் என்றாள் நூத்சா.
அதிகாலை நாலுக்கு ஒரு சமரசம்,
எட்டுப் புள்ளி எழுத்தில், பக்கத்தின் அடியில்:
'7. நிறுத்தத்தில் உட்கார இடமில்லை என மூவர் கூறினர்.'
நாய் இதிலும் இல்லை.
ஆனால் அது எங்கே படுத்திருக்கிறதென்று
எங்களுக்குத் தெரியும்.

துணைமேயரின் அறையில் பதினேழு நிமிடம்.
பரிந்துரை ஒன்று: பதினொன்று இருபதுக்கு ஒரு வேன்.
இரண்டும் மூன்றும் அதே வேன்தான், வேறு வாக்கியங்களில்.
வரைபடத்தில் நிறம் நன்றாக இருக்கிறது என்றார்.
வேன் ஒப்பந்தம் டிசம்பர்வரை அசையாது என்றார்.
பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கி
பக்கத்தின் அடிவாரத்துக்குப் போனார்,
யாரும் போகாத இடத்துக்கு.
"இது முடியும்," என்றார்.

ஏப்ரலில் பெஞ்ச் வந்தது.
பச்சை. இரும்புக் கால்கள். முதுகில் நகராட்சி முத்திரை.
பெசிக் படம் அனுப்பினான்,
கீழே: 'நம் ஆய்வின் தாக்கம்'.
யாரும் சிரிக்கவில்லை.
அரை மணி கழித்து எல்லோரும் சிரித்தோம்,
நூத்சா மட்டும் பதில் போடவில்லை.

டிசம்பருக்கு இன்னொன்று எழுதுகிறோம்.
ஒரே பக்கம். அடிக்குறிப்பு கிடையாது.

நேற்று இரவு படிவமில்லாமல் போனேன்.
பெஞ்சில் மக்வாலாவும் இன்னும் இருவரும்,
கீழே மஞ்சள் வில்லை.
நகர்ந்து இடம் விட்டாள்:
"உட்கார். உங்கள் வேலைதானே இது?"
பாராட்டா, குத்தலா?
ஒன்று முதல் ஐந்துக்குள்
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டாக்சி வந்தது. மூன்று பேர்தான் இருந்தார்கள்.
என் வீடு ஆற்றுக்கு அந்தப்பக்கம்,
இருந்தும் நாலாவதாக ஏறினேன்.
பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஒன்பது நிமிடம்.
எந்தச் சராசரியிலும் இதைச் சேர்க்க முடியாது.