எண்பத்தேழில் கொதிக்கும் ஊர்

எல் ஆல்டோவில் விடியற்காலை ஐந்து.
முன்கண்ணாடியில் உறைபனி,
பின்னால் கறுப்புப் புகை.
மூன்று வாரமாய் இதே கதை:
நாற்பது லிட்டர் ஊற்றினால்
இரண்டு நாள் ஓடுகிற நோவா வேன்
அன்று மாலையே வாயைப் பிளக்கிறது.

நான் வண்டியைப் பார்க்கவில்லை.
மதியத்துக்குப் பிறகு அதை ஓட்டுகிற
ருஃபினோவைப் பார்த்தேன்.
குழாய் போட்டு உறிஞ்சுகிறாய் என்றேன்,
சேஹா நிறுத்தத்தில், நாலு டிரைவர்கள் காதுபட.
சாவியை என் கையில் வைத்துவிட்டு
கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டு
போய்விட்டான்.
அவன் மறுக்காததையும்
சாட்சிக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அவன் போன பிறகும்
வண்டியின் தாகம் அடங்கவில்லை.

செனோபியா பானெட்டைத் திறந்தாள்.
"இன்ஜினில் கை வைத்தால் தோல் உரியும்.
இதன் கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னும் விடியவில்லை.
குளிரில் கிடக்கிறது என்று நம்பி
ஊட்டிக்கொண்டே இருக்கிறது."
கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு ஒன்றைக் காட்டினாள்.
சூட்டைச் சொல்ல வேண்டியது அதுதானாம்.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்.
கழற்றிய ஓட்டையைப் பெருவிரலால் அடைத்தும்
பச்சைக் கூலன்ட் அவள் முழங்கை வரை வழிந்தது.
தக்கை ஒன்றைச் செருகிவிட்டு
மதியம் சூப் வைத்த பாத்திரத்தில்
தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்,
சென்சாரை நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.
மீட்டரின் இரண்டு முனைகளும் அதன் இரண்டு கால்களில்.

"சூடு ஏற ஏற எண் இறங்கணும்."
இரண்டாயிரத்து முந்நூறு ஓம்.
இரண்டாயிரம்.
ஆயிரத்து எண்ணூறு.
அதோடு நின்றது,
விலை படியாத சந்தைக்காரி மாதிரி.
தண்ணீர் குமிழிட்டுத் துள்ளியது.
ஆயிரத்து எண்ணூறு.

புதியதை அதே நீரில் இறக்கினாள்.
நான் மூச்சு விடுவதற்குள்
இருநூற்று அறுபதுக்கு வந்துவிட்டது.

"அட்டவணையில் நூறு டிகிரி வரை இருக்கிறதே?"
"அதைப் போட்டவன் கடலோரத்தான்.
இந்த உயரத்தில் எண்பத்தேழிலேயே கொதித்துவிடும்.
அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும்
வெறும் ஆவி."
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
அடுப்பை அணைத்தாள்.

புது வாஷர். முதலில் கையால் திருகி
கடைசிக் கால் சுற்றை எனக்குக் கொடுத்தாள்.
"பித்தளை. கோபத்தைக் காட்டாதே."
குறைந்த கூலன்ட்டை நிரப்பி
காற்றுக் குமிழி வெளியேறும்வரை ஓடவிட்டு
அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றினாள்.
"பழைய கணக்கை மறக்கட்டும்.
பத்து நிமிஷம் போதும்,
வண்டிக்கு."

இப்போது நாற்பது லிட்டர்
இரண்டு நாளும் தாண்டி அரை நாள் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ரியோ செகோவுக்குப் போனேன்.
வேறொருவரின் வேனில் ருஃபினோ,
சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தான்.
வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள்
தொண்டைக்குள் ஏதோ ஓர் எண்ணில் நின்றுவிட்டன.
சட்டைப்பையிலிருந்து பழைய சென்சாரை எடுத்து நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுவா?"
"இதுதான்."
"என்ன விலை?"
"நூற்று இருபது பொலிவியானோ."

"அவ்வளவுதானா" என்றான்.

பின்னால் ஒரு பெண் மூட்டையோடு ஏறினாள்.
அவன் கதவைச் சாத்தினான்.
அந்தப் பித்தளை
அவன் கையிலேயே இருந்தது.