விகுதி

எங்கள் மொழியில் ஒரு பெண்ணின் பெயரை
முழுசாகக் கேட்க வேண்டியதில்லை.
விகுதி போதும்.
'ஐதே' என்று முடிந்தால் அப்பன் வீட்டுப் பெண்.
'இயெனே' என்று முடிந்தால் ஒருவனின் மனைவி.
ஆணுக்கு அந்தத் தொல்லை கிடையாது,
தொட்டிலில் இட்ட பெயரே சவப்பெட்டி வரைக்கும்.

ஔத்ரா வில்கைதே
(ஔத்ரா புயல், வில்கைதே ஓநாயின் மகள்)
கிளைப்பேதா துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வந்தபோது
மேலாளர் விண்ணப்பத்தின் வால்பக்கம் பார்த்தார்:
"சீக்கிரம் கல்யாணம் ஆகிவிடுமே."
மூன்று வருஷம் கழித்துப் பதவி உயர்வு கேட்டு வந்தாள்
ஔத்ரா கெனியெனே, மரங்கொத்தியின் மனைவி.
மறுபடி வால்பக்கம் பார்த்தார்:
"சீக்கிரம் குழந்தை பிறந்துவிடுமே."
மரங்கொத்தி, அதாவது வைதோதஸ் கெனீஸ்,
அதே வருஷம் சரக்குக் கணக்கில் மேற்பார்வையாளன் ஆனான்.
அவன் பெயரில் பார்க்க ஒன்றுமில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்
விண்ணப்பங்களை அடுக்கிக் கொடுத்தவன் நான்.
இப்போது வயர்லெஸ் மேசையில் இருக்கிறேன்.

மார்ச் மாதம், ஒரு வியாழன்.
ஔத்ரா நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரைமேல்.
அவளுக்குக் கீழே பதினெட்டு டன் உறைந்த மீன்
கப்பலுமில்லாத கரையுமில்லாத இடத்தில்
தொங்கிக்கொண்டிருந்தது. காற்று
அதைத் தூங்கவைப்பதுபோல் ஆட்டியது.
அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது.
மழலைப்பள்ளி.
மறுபடி மழலைப்பள்ளி.
படிவத்தில் முதல் எண் அப்பாவுடையது,
அவளே எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள்.
மூன்றாம் முறையும் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள்.
பிறகு ஒரு குறுஞ்செய்தி: 38.4.

"ஸ்மில்தேவுக்குக் காய்ச்சல்.
கணக்கறையில் அவள் அப்பா இருக்கிறார். போகச் சொல்லுங்கள்."

ஏழாம் அலைவரிசையைத் துறைமுகமே கேட்கும்.
யாரோ சிரித்தார்கள்.
பொய் எதற்கு, நான்தான்.
மேஸ்திரி குறுக்கிட்டார்:
"அவன் போனால் கணக்கை யார் பார்ப்பது?"
"நான் இறங்கினால் இதை யார் பிடிப்பது?"
அதற்குப் பிறகு காற்றின் இரைச்சல் மட்டும்.

வைதோதஸ் அனுமதி கேட்கப் போனான்.
"ஏன், உன் மனைவி எங்கே?" என்றார் மேலாளர்.
அவன் ஜன்னல் வழியே அண்ணாந்து காட்டினான்.
அவரும் அண்ணாந்தார்.
பதினோரு வருஷத்தில் அந்தக் கிரேனை
அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாளிலிருந்து உணவறையில் வைதோதஸுக்கு
'கெனியெனே' என்று பட்டப்பெயர்.
முதல் வாரம் காதுவரை சிவந்தான்.
இரண்டாம் வாரம், வாயில் ரொட்டியோடு,
"என்ன?" என்று திரும்பிப் பார்த்தான்.
பிறகு கூப்பிடுகிறவர்களுக்கே அலுத்துப்போயிற்று.

காபி இயந்திரத்தருகே ஔத்ரா சொன்னாள்:
அன்று வீடு போய்ச் சேரப் பத்து மணி.
குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள்,
நாலு மணி 38.2, ஆறு மணி 37.6, எட்டு மணி 37.1,
மருந்து எத்தனை சொட்டு, வாந்தி இல்லை,
கன்டெய்னர் கணக்கு எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்து.
சூப் நன்றாக இருந்தது.
"அது கொஞ்சம் வலித்தது, தெரியுமா?"
எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகும்
போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
வாசலில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
"பதினெட்டு டன்னை நம்புகிற கை,
இதை என்ன செய்வதென்று தெரியவில்லை"
என்று கோப்பையை மற்றொரு கைக்கு மாற்றினாள்.

குட்டையாக ஒரு விகுதியும் சட்டத்தில் உண்டு.
வெறும் 'ஏ'. மகளா மனைவியா
என்று அது யாருக்கும் சொல்லாது.
அந்தப் படிவம் அவள் பையில்
மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.
கொண்டுபோய்க் கொடுக்க ஒரு முற்பகல் வேண்டும்.
அவளுக்கு முற்பகல் எங்கே கிடைக்கிறது?

நேற்று இரவுப் பணியில்
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், ஏழாம் அலைவரிசையில்,
பொத்தானை அமுக்காமல்:
ஔத்ரா கெனே.